‘என்’ என்னும் வினையும் கருத்துரைக்கும் மரபும்

கருத்தைப் புலப்படுத்தற்குக் கருது, எண்ணு, நினை முதலிய வினைகள் தமிழில் உள. எனினும் இலக்கண நூலாரும் உரைகாரரும் பெரிதும் ஆண்டது ‘என்’ என்னும் வினையே. இதற்குச் ‘சொல்’ என்பதே பொருளெனக் கொண்டு அமைதல் போதாது. கருத்து யாருடையது என்பதனையும் இவ்வினையின் வடிவங்கள் உணர்த்துகின்றன.

தொல்காப்பியர் ‘என்ப’, ‘என்மனார்’ என்னும் பலர்பால் முற்றுக்களால் முன்னையோர் கொள்கையைச் சுட்டுவர். அவர்க்கு முன்னரும் இலக்கணம் வழங்கிற்று என்பார்க்கு இவ்வடிவங்களே அகச்சான்று. ‘என்மனார்’ என்பது, ‘என்ப’ என்பதன் பகரங் குறைந்து, மன், ஆர் என்னும் இடைச்சொற்கள் பெற்று விரிந்தது என்பது இளம்பூரணர் கருத்து. சேனாவரையர் இதனை மறுத்தார். நூலுள்ளும் சான்றோர் செய்யுளுள்ளும் பயின்று வருவதனை அருகிய விகாரமெனல் பொருந்தாதாகலின், ஆரீற்று எதிர்கால முற்றெனவே அவர் கொண்டார்.

திருக்குறளின் 392ஆம் பாட்டில் ‘என்ப’ மும்முறை வருகின்றது. பரிமேலழகர் முதலிரண்டையும் அஃறிணைப் பன்மைப் பெயராகவும், இறுதியதனை உயர்திணைப் பன்மை வினையாகவும் கொண்டார். அவருரைப்படி எண், எழுத்து எனப் பெயரிட்டு வழங்குவோர் அறியாதார். அவற்றைக் கண்ணென மதித்துரைப்போர் அறிந்தார். ஒரே வடிவம் பெயரீட்டையும் மதிப்பீட்டையும் உணர்த்தி, உரியவரையும் வேறுபடுத்துதல் காண்க.

உரைகாரர் பிறர் கொள்கையை ‘என்பாரும் உளர்’ என்றும், தம் துணிபை ‘என்க’ என்றும் முடிப்பர். பின்னது வியங்கோள், தன்மை வினையன்று. தம் கருத்தையும் கற்பார் ஏற்கத்தக்கதாக முன்வைத்தலே அவர் மரபு.

பேச்சு வழக்கிலோ தன்மையும் முன்னிலையும் மேலோங்குகின்றன. அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி, திருச்சுழி முதலிய வானம் பார்த்த ஊர்களிலும், பிற பகுதிகளிலும், ‘ஐப்பசி மழை தப்பாதுங்கிறேன்; நீ என்னங்கிறே?’ என்னும் முறையில் உரையாடல் நிகழும். ‘என்கிறேன்’ என்பதன் முதலுயிர் கெட்டு, னகரம் ககரத்தின் முன் ஙகரமாயிற்று. ஈண்டு இவ்வினை வெறுங்கூற்றன்று. முன்னது துணிபு, பின்னது பிறர் துணிபை வேண்டல். எழுதாதாரும் தம் கருத்திற்குத் தாமே பொறுப்பேற்கும் வடிவம் இது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ‘என்பர்’ என எழுவாயின்றி முடிக்கும் வழக்கம் மிகுதி. தொல்காப்பியரின் ‘என்ப’ வழிவழி வந்த புலவர் மரபைச் சுட்டிற்று. நமது ‘என்பர்’ யாரைச் சுட்டுகின்றது? பிறர் கருத்தாயின் அவர் பெயரும், தம் கருத்தாயின் தன்மை வினையும் தருதல் வேண்டும். அன்றேல் கருத்து நிற்கும். அதனைக் காப்பார் இலராவர்.