'பிறப்புவழி' என்னும் சொல்

"சர்வதேசச் சட்டம் என்றால் என்ன, ஐயா?" எனச் சிறுவர் வினவுவதுண்டு. தம் மக்களை இவ்வாறே நடத்துவோம் எனப் பல நாடுகள் கூடிக் கையொப்பமிட்டுத் தரும் வாக்குறுதி என்பேன்.

இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1965இல் ஏற்றது. அதன் முதல் விதியில் 'பிறப்புவழி' என்னும் சொல்லைச் சேர்க்க முன்மொழிந்தது இந்தியாவே. 1968இல் உடன்படிக்கையை உறுதியும் செய்தது. ஆயின், அச்சொல் சாதியைக் குறியாது எனப் பின்னாளில் வாதிட்டதும் இந்திய அரசே! விந்தைதான். 2002இல் உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, சாதியும் அச்சொல்லில் அடங்கும் எனத் தெளிவுறுத்தியது. குடிநீர், பள்ளி, வழிபாட்டிடம், திருமணம் ஆகியவற்றில் பிறப்பால் நேரும் தடைகளையும் அது சுட்டியது.

"அப்படியானால், தனிக்குவளை வைக்கும் தேநீர்க்கடைக்காரரை ஐ.நா. சிறையிலிடுமா?" என்றான் ஒரு மாணவன். இடாது. அதற்கு நம் நாட்டில் 1955 முதலே சட்டம் உண்டு. அச்சட்டம் உறங்கினால், ஏன் உறங்கிற்று என்று அக்குழு அரசைக் கேட்கும்.