தென்காசிச் சத்தியமும் சங்கரன் நாயரின் மாறுபட்ட தீர்ப்பும்

திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலையையொட்டி நடந்த சதி வழக்கில் நீதிபதி சி. சங்கரன் நாயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை அவருடைய அரசியலின் நீட்சியாகவே படிக்கும் ஒரு போக்கு ஆய்வுலகில் உண்டு. 1897இல் அமராவதி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர், ஜாலியன்வாலா பாக் கொடுமைக்குப் பின் 1919இல் வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகியவர். ஆகவே 1912இலும் தேசபக்தர் பக்கம் சாய்ந்தார் என்பது அப்படிப் படிப்பவர்களின் கணக்கு. ஒருவர் வாழ்வின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நடுவை ஊகிப்பது முறையாகாது. 1922இல் ‘காந்தியும் அராஜகமும்’ எழுதி ஒத்துழையாமையைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. அதை இந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், நீதிபதி அய்லிங், சங்கரன் நாயர் மூவரும் அவ்வழக்கில் அப்பீல் கேட்க அமரவில்லை. விசாரணை நீதிபதிகளாக அமர்ந்தார்கள். ஜூரி கிடையாது. சாட்சியை நேரில் கேட்டு, நம்புவதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவர்களுடையதே. மாறுபட்ட தீர்ப்பை இந்த இடத்திலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

அரசுத் தரப்பின் அச்சாணி தென்காசி. 1910 ஏப்ரலில் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை வீட்டில் வழக்கின் முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரி முன்னிலையில் இளைஞர்கள் கூடினர். காளி படத்தின் முன் குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் இரத்தமாகப் பாவித்துக் குடித்தனர். கட்டைவிரலைக் கீறி இரத்தத்தால் அடையாளமிட்டுச் சத்தியம் செய்தனர். இப்படிச் சொன்னவர்கள் அப்ரூவர்கள், அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறிய கூட்டாளிகள். கூட்டம் நடந்ததா என்பதைவிட, அங்கே எதற்கு உடன்பட்டார்கள் என்பதே கேள்வி. தென்காசி அப்போது பிரிட்டிஷ் ஜில்லாவில் இருந்தது. குற்றாலத்துக்கு அப்பால் செங்கோட்டை திருவிதாங்கூர். கோயிலுக்கும் அருவிக்கும் வியாபாரத்துக்கும் எல்லை தாண்டி நாள்தோறும் ஆட்கள் வந்துபோகும் வட்டாரத்தில், வெளியூர் இளைஞர் கூடினார்கள் என்பது மட்டும் எதையும் நிறுவாது. அந்தச் சத்தியத்துக்கும் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதற்கும் இடையில் பதினான்கு மாதங்கள் கிடக்கின்றன.

சங்கரன் நாயர் தம் தீர்ப்பில் பாரதியின் ‘சுதந்திர தாகம்’ பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சேர்த்தது பலரும் சுட்டும் செய்தி. அதை அனுதாபத்தின் அடையாளமாகக் கொள்வது எளிது. எனக்கு அது சாட்சியத்தை எடைபோடும் செயலாகவே தோன்றுகிறது. விடுதலை வேட்கை அச்சேறிப் பாடப்பட்ட காலத்தில், அந்த வேட்கை ஒருவனிடம் இருந்தது என்று காட்டினால் சதி நிரூபணமாகிவிடாது. உடன்பாடு ஒன்றைத் தனியே காட்டியாக வேண்டும். அதைக் காட்ட அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது அப்ரூவர்களையே. பாடலின் மீது நீதிபதிக்குப் பரிவு இருந்திருக்கலாம் என்பர். இருக்கட்டுமே, பரிவுள்ளவர் சாட்சியத்தைச் சரியாக எடைபோட முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவருடைய உள்நோக்கத்தை முற்றாக அறிந்துவிட்டதாக நான் வாதிடவில்லை. தீர்ப்பை விளக்க அந்த உள்நோக்கம் தேவையில்லை என்றே சொல்கிறேன்.

1912 பிப்ரவரியில் பெரும்பான்மைத் தீர்ப்பு குற்றஞ்சாட்டப்பட்ட 14 பேரில் ஒன்பது பேரைத் தண்டித்தது, நீலகண்டருக்கு ஏழாண்டு. பின்னர் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குச் சென்ற சட்டப் பிரச்சினையும் அப்ரூவரைப் பற்றியதே: அவர் முன்பு கொடுத்த வாக்குமூலம் அவருடைய சாட்சியத்துக்கே வலுச்சேர்க்குமா? தண்டனைகள் நின்றன. ஆனால் வழக்கின் பலவீனம் அப்ரூவர் சாட்சியத்தில்தான் இருந்தது என்பதற்கு அந்த அமர்வு கூட வேண்டியிருந்ததே போதிய சான்று.