தாய்லாந்துத் தேர்தல்களில் பணமும் துப்பாக்கியும்

தாய்லாந்தில் 1932 ஜூன் 24ஆம் திகதி முழுமுதல் முடியாட்சி முடிவுற்றது. அடுத்த ஆண்டே முதற் தேர்தல் நடைபெற்றது. அதன் பின்னர் அந்நாடு கண்ட அரசியல் யாப்புகள் இருபது. யாப்புகளைக் கிழித்தெறிந்த இராணுவத் தலைவர்கள் மீண்டும் மீண்டும் ஒரே காரணத்தையே முன்வைத்தனர். ஏழைக் கிராமத்தவர் வாக்கை விற்கின்றனர். அதை வாங்கியவர் நாட்டைக் கொள்ளையிடுகின்றார். ஆகவே இராணுவம் தலையிட்டுத் தூய்மைப்படுத்த வேண்டியுள்ளது என்பதே அது. இக்கூற்றை வரலாறு ஏற்கின்றதா என நோக்குவோம்.

முதலில் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். தாய்லாந்து அரசியலில் துப்பாக்கியை முதலில் ஏந்தியவர் வாக்கு வியாபாரி அல்லர், அரசே ஏந்தியது. 1949 மார்ச் மாதத்தில் வடகிழக்கு ஈசான் பிரதேசத்தவர் மூவர் உட்பட முன்னாள் அமைச்சர்கள் நால்வர் பொலிஸ் காவலில் கொண்டுசெல்லப்படுகையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். மலாய்க் கொள்ளையர் அவர்களை மீட்க முயன்றபோது இது நேர்ந்தது எனப் பொலிஸார் கூறினர். ஆனால் காவலுக்குச் சென்ற பொலிஸார் எவருக்கும் காயமில்லை. 1947இல் பட்டானி முஸ்லிம்களின் சார்பில் ஏழு கோரிக்கைகளை முன்வைத்துப் பின்னர் சிறை சென்ற ஹாஜி சுலோங், 1954 ஆகஸ்டில் சொங்க்லாவில் பொலிஸாரைச் சந்திக்கச் சென்றார். அவரும் அவருடைய மூத்த மகனும் திரும்பவில்லை. பட்டானி மக்கள் 1957இல் அவரது மற்றொரு மகனான அமீனைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்தனர்.

1957 பெப்ரவரித் தேர்தல் 'அசுத்தத் தேர்தல்' என்றே தாய் வரலாற்றில் பெயர் பெற்றது. பிரதமர் பிபுனின் கட்சிக்காகப் பெட்டிகளில் கள்ளச் சீட்டுகள் நிரப்பப்பட்டன; ஒருவரே சாவடிக்குச் சாவடி சென்று வாக்களித்தார். இத்தகையோரை மக்கள் 'பாரசூட் வீரர்' என நகையாடினர். மாணவர் வீதிக்கு இறங்கினர். அக்கொதிப்பைப் பயன்படுத்தி அதே ஆண்டு செப்டெம்பரில் ஆட்சியைக் கைப்பற்றியவர் தளபதி சரித். மறு ஆண்டு அவர் யாப்பையும் பாராளுமன்றத்தையும் ஒருங்கே ஒழித்தார். 1963இல் அவர் இறந்த பின்னரே, அவர் அரச நிதியைப் பெருமளவில் தமதாக்கியிருந்தமை அம்பலமாயிற்று. அவருடைய சொத்துகளை அரசு பறிமுதல் செய்தது. தேர்தலின் அசுத்தத்தால் எழுந்த கோபத்தில் ஏறி வந்தவரின் கையும் தூய்மையாக இருக்கவில்லை.

பணத்தின் ஆட்சி 1980களில் உச்சமடைந்தது. 1981இல் ரொய் எட் மாகாண இடைத்தேர்தலில் முன்னாள் பிரதமர் கிரியங்சாக் வென்றபோது நிகழ்ந்த வாக்குக் கொள்வனவு, 'ரொய் எட் நோய்' என்ற சொல்லையே தோற்றுவித்தது. மர வியாபாரம், ஒப்பந்தம், சூதாட்டம் ஆகியவற்றாற் செல்வந்தரான மாகாணப் பெரும்புள்ளிகள் 'சாவ் போ' எனப்பட்டனர். வாக்குத் திரட்டும் முகவர் 'ஹுவா கனேன்' எனப்பட்டனர். அவர்கள் பணத்துடன் வீடுவீடாகச் செல்லும் தேர்தல் முன்னிரவுக்கு 'நாய் ஊளையிடும் இரவு' என்று பெயர். போட்டி முற்றிய இடங்களில் கூலிக் கொலையாளிகள் வேட்பாளரையும் முகவரையும் சுட்டனர். ஆய்வாளர் பெனடிக்ட் அண்டர்சன் 1990இல் எழுதிய கட்டுரையில், பாராளுமன்ற ஆசனம் கொலை செய்தேனும் பெறத்தக்க பெறுமதியை அடைந்துவிட்டமையையே இக்கொலைகள் காட்டுகின்றன என வாதிட்டார்.

நாம் இங்கு இன்னொரு வினாவை எழுப்புகின்றோம். வாக்காளர் ஏன் பணத்தைப் பெற்றார்? பொலிஸ் நிலையத்திலும் மருத்துவமனையிலும் மாவட்ட அலுவலகத்திலும் ஏழையின் குரல் எடுபடாத நாட்டில், அவருக்காகப் பேச முன்வந்தவர் அந்த முகவரே. கொடுத்த பணம் அந்த உறவின் அடையாளமே அன்றி அதன் முழுமையன்று. இது ஊழலை நியாயப்படுத்துவதாகாது. அதன் வேர் எங்கே உள்ளது என்பதையே காட்டுகின்றது.

1997ஆம் ஆண்டு யாப்பு சட்டத்தால் இந்நோயைத் தீர்க்க முனைந்தது. சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழு அமைந்தது. எந்தக் கிராமம் எவருக்கு வாக்களித்தது என முகவர் அறியாதவாறு, வாக்குகள் தொகுதிக்கு ஓரிடத்தில் எண்ணப்பட்டன. 2000ஆம் ஆண்டு செனட் தேர்தலில் முதற் சுற்றில் வென்ற 200 பேரில் 78 பேரை ஆணைக்குழு ஏற்க மறுத்தது. ஆனால் இப்பாதை நீடிக்கவில்லை. 2006இலும் 2014இலும் இராணுவம் மீண்டும் வந்தது. 2017 யாப்பின்படி இராணுவ ஆட்சியால் நியமிக்கப்பட்ட 250 செனட்டர்கள் பிரதமர் தெரிவில் வாக்களித்தனர். 2023இல் 151 ஆசனங்களுடன் முதலிடம் பெற்ற முன்னேறு கட்சி ஆட்சியமைக்க இயலாமற் போனமைக்கு அச்செனட்டே காரணம். அக்கட்சி 2024 ஆகஸ்டில் நீதிமன்றத்தாற் கலைக்கப்பட்டது. வாக்கை வாங்குவது குற்றமெனின், அதைச் செல்லாக்காசாக்குவது என்ன?

ஏழையின் வாக்கு வெறும் விற்பனைப் பண்டம் என்போருக்குத் தெற்கு எல்லை மாகாணங்களே மறுமொழி அளித்துள்ளன. 2004 அக்டோபர் 25இல் நராதிவாத் மாகாணத்தின் தக் பாய் ஊரில் ஆர்ப்பாட்டக்காரர் மீது படையினர் சுட்டனர்; பின்னர் பிடிபட்டவர்களை இராணுவ வாகனங்களில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கினர். மாண்டவர் 85 பேர். அவர்களுள் 78 பேர் வாகனங்களில் நசுங்கியும் மூச்சுத் திணறியும் மாண்டவர்கள். 2005 பெப்ரவரித் தேர்தலில் பிரதமர் தக்ஸினின் கட்சி 500 ஆசனங்களில் 377ஐ வென்றது. ஆனால் பட்டானி, யாலா, நராதிவாத் ஆகிய மூன்று மாகாணங்களிலும் அதற்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. அக்கட்சியில் இணைந்திருந்த மூத்த முஸ்லிம் பிரமுகர்களையும் மக்கள் விட்டுவைக்கவில்லை.

தக் பாய் வழக்கின் கால வரையறை 2024 அக்டோபரில் எவரும் தண்டிக்கப்படாமலே முடிவுற்றது. நீதிமன்றம் தராத தீர்ப்பை அம்மக்கள் வாக்குச்சாவடியிலேயே எழுதியிருந்தனர். அத்தீர்ப்பை விலைக்கு வாங்க எவராலும் இயலவில்லை.