மஞ்சள் துறந்த பொன்

பொன் என்றதும் மஞ்சள் நிறமே நம் மனக்கண்முன் தோன்றும். அந்த நிறத்தைப் போக்கிவிட்டு, அதில் கைக்கடிகாரம் செய்வானேன்? இதற்கு விடை காண முதல் உலகப்போர்க் காலத்துக்குச் செல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாட்டுச் செல்வர்கள் வெண்ணிறப் பிளாட்டின நகைகளையே பெரிதும் விரும்பினர். ஆனால் வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரிக், கந்தக அமிலங்களைத் தயாரிக்கவும் பிளாட்டினம் வினையூக்கியாகத் தேவைப்பட்டது. போர் மூண்டதும் நகைத் தொழிலுக்கு அது கிடைப்பது அரிதாயிற்று. பிளாட்டினம் மிகுதியாகக் கிடைத்து வந்த ருஷ்யாவில் 1917-இல் புரட்சி வெடிக்கவே, தட்டுப்பாடு முற்றியது.

பொன்னுடன் நிக்கலைச் சேர்த்தால் மஞ்சள் வெளிறிவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த டேவிட் பெலைஸ் உருவாக்கிய இத்தகைய கலவைக்கு 1920-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 18 காரட் வெள்ளைப் பொன்னில் நூற்றுக்கு 75 பங்கு பொன்னே. எஞ்சிய 25 பங்குதான் நிறத்தை மாற்றிவிடுகிறது!

விருந்துக்கு அணியும் கடிகாரம் சட்டைக் கைக்குள் அடங்குமாறு மெல்லியதாக இருக்க வேண்டுமல்லவா? 1957-இல் சுவிட்சர்லாந்தின் பியாஜே நிறுவனம் 2 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள, சாவி கொடுக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. இத்தகைய மெல்லிய இயந்திரங்கள் வெள்ளைப் பொன் கூடுகளிலும் பொருத்தப்பட்டன.

பார்ப்பவர் கண்ணுக்கு அக்கடிகாரம் வெறும் எஃகாகவே தோன்றும். ஆனால் அதே அளவு எஃகைவிட வெள்ளைப் பொன் ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. அக்கனத்தை அணிந்தவரின் மணிக்கட்டு மட்டுமே அறியும். ஆண்டுகள் பல கடந்தபின், ரோடியம் பூசப்படாத கூட்டில் மெல்லிய மஞ்சள் சாயலையும் காணலாம். போர்க்காலத்தில் மாற்றுப்பொருளாய் வந்த வெள்ளைப் பொன், தன் மதிப்பைப் பறைசாற்றாத அடக்கத்தாலேயே இன்றும் விரும்பப்படுகிறது.