ராயப்பேட்டையும் மகிழுந்துச் சக்கரங்களும்: ஒரு வரலாறு

ஆலையிலிருந்து வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய வேறொரு சக்கரத்தை மகிழுந்துக்குப் பூட்டும் வழக்கம், சென்னையில் பெரும்பாலும் ராயப்பேட்டையோடு சேர்த்தே பேசப்படுகிறது. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைக்குள் செல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இந்த வணிகத்துக்குப் பெயர்பெற்றது. நகரவாசிகள் இதை ஜி.பி. ரோடு என்பார்கள். இருக்கை உறை, ஒலிபெருக்கி, விளக்கு, டயர் ஆகியவற்றோடு சுவரில் வரிசையாக மாட்டப்பட்ட அலாய் சக்கரங்களும் இங்குள்ள கடைகளின் அடையாளம். கூவத்தின் அக்கரையில் உள்ள புதுப்பேட்டை, பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் இடம். ஜி.பி. ரோடு புதுப்பொருளுக்கு, புதுப்பேட்டை பழையதற்கு என்று ஓட்டுநர்கள் பிரித்துச் சொல்வதுண்டு. சக்கரத்தைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை அவ்வளவு கறாரானதன்று.

குதிரை வண்டிப் பட்டறைகள்

இந்த வணிகம் ஏன் இந்தப் பகுதியில் வேர்பிடித்தது என்பதற்கு மவுண்ட் ரோடுதான் விடை. 1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டிகளைக் கட்டியது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் ஓடும் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் மகிழுந்தாக அது சொல்லப்படுகிறது. அதற்குச் சற்று முன்பு, 1901இல், பாரி நிறுவனத்தின் இயக்குநர் ஏ. ஜே. யார்க் அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குத் தம் மகிழுந்தில் போய்வரத் தொடங்கியிருந்தார். எம்.சி. 1 என்ற பதிவெண் சென்னைத் துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்குக் கிடைத்தது. நகரில் மகிழுந்து வைத்திருந்த முதல் இந்தியர் கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார்.

அந்தக் காலத்து மகிழுந்துச் சக்கரங்கள் பல மரத்தால் ஆனவை. மாட்டு வண்டிச் சக்கரத்தைப் போலவே குடம், ஆரக்கால், வட்டை என்ற அமைப்பு. வெயிலில் மரம் காய்ந்து சுருங்கினால் ஆரக்கால் ஆடத் தொடங்கும் என்பது மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்த சங்கதி. மகிழுந்து வைத்திருந்தவர்களுக்கும் அதே தலைவலி இருந்தது. கம்பி ஆரச் சக்கரங்களும், அவற்றைத் தொடர்ந்து அழுத்தி வார்த்த எஃகுச் சக்கரங்களும் பரவிய பிறகே அது தீர்ந்தது.

சக்கரத்தை வேகத்தின் கருவியாக முதலில் பார்த்தவர்கள் பந்தயக்காரர்கள். 1924இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பந்தயத்தில் புகாட்டி டைப் 35 வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு களமிறங்கியது. வண்டியின் உடலைத் தாங்கும் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே உள்ள எடை குறைந்தால், டயர் சாலையை விட்டு எழும்பாமல் பற்றி ஓடும் என்பதே அதன் கணக்கு. இன்றுவரை அலாய் சக்கரத்துக்குச் சொல்லக்கூடிய நியாயமான காரணம் இதுதான். மற்றதெல்லாம் அழகு.

வண்டலூரும் சோழவரமும்

விடுதலைக்குப் பிந்தைய சென்னையில் மகிழுந்து, டயர், சக்கரம் மூன்றுமே உள்ளூரில் உருவாயின. வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது. பலூன் செய்யும் கூடமாகத் திருவொற்றியூரில் 1946இல் பிறந்த எம்.ஆர்.எஃப். 1960களின் தொடக்கத்தில் டயருக்கு மாறியது. டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த வீல்ஸ் இந்தியா 1960இல் நிறுவப்பட்டுப் பாடியில் எஃகுச் சக்கரங்களைச் செய்தது.

இவற்றில் ஹெரால்டின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி அதன்மேல்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை விளையாட்டு மகிழுந்தைக் கட்டியது. இரண்டுக்கும் நான்கு போல்ட்டு, 95.25 மி.மீ. வட்டம் என்று சக்கரம் பொருந்தும் அளவு ஒன்றே. இன்னொரு வகையில் சொன்னால், மயிலாப்பூர் வக்கீல் நீதிமன்றத்துக்கு ஓட்டிப்போன குடும்ப வண்டியின் சக்கர முகப்பில் ஓர் ஆங்கில விளையாட்டு மகிழுந்தின் சக்கரம் அப்படியே உட்காரும். ஆனால் உட்கார வைக்கச் சக்கரம் கிடைக்க வேண்டுமே! இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது.

அந்தத் தட்டுப்பாட்டைச் சோழவரத்தில் நன்றாக உணர்ந்தார்கள். நகருக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. ஹெரால்டு, ஃபியட், அம்பாசிடர் என்று சாலையில் ஓடும் வண்டிகளே பிரித்து மேய்ந்து மாற்றப்பட்டு அங்கே ஓடின. அகலமான சக்கரம் வேண்டுமென்றால் எஃகுச் சக்கரத்தின் வளையத்தைச் சுற்றி வெட்டி, இடையில் ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்து, கடைசலில் கொடுத்து வட்டம் சரிபார்ப்பதுதான் கைக்கெட்டிய வழி. பற்றவைப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் காற்றுக் கசியும். அதைவிட மோசமானது, வளைவில் திரும்பும்போது வளையம் பிளப்பது. சக்கரத்தின் மேல் கைவைப்பது உயிரோடு விளையாடும் காரியம் என்பதைச் சென்னைப் பட்டறைகள் அறிந்துகொண்ட காலம் அது.

1988இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது.

அலாய் சக்கரம் கடைத்தெருவுக்கு வந்தது

மாருதி 800 வெளிவந்த 1983க்குப் பிறகு இளைஞர்கள் கையில் சிறிய வண்டிகள் வந்தன. 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சக்கரங்களும் வந்தன. 1990களின் இறுதியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் உற்பத்தியைத் தொடங்கின. சக்கரத் தேர்வில் புதிய குழப்பமும் அதோடு சேர்ந்தே வந்தது.

குழப்பத்துக்குக் காரணம் பி.சி.டி. எனப்படும் அளவு. சக்கரத்தின் போல்ட்டுத் துளைகளின் மையங்களை இணைத்து வட்டம் வரைந்தால் வரும் விட்டமே அது. ஹூண்டாய் ஆக்சென்ட், மாருதி ஸ்விஃப்ட் ஆகியவற்றுக்கு நான்கு துளை, 100 மி.மீ.; ஃபோர்டு ஐகானுக்கு நான்கு துளை, 108 மி.மீ.; ஃபியட் பேலியோவுக்கு 98 மி.மீ.; வோக்ஸ்வாகன் போலோவுக்கு ஐந்து துளை, 100 மி.மீ.; போர்ஷே 911க்கு ஐந்து துளை, 130 மி.மீ. சுவரில் மாட்டியிருக்கும் சக்கரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த அளவு ஒத்துவராவிட்டால் அது வேறொருவருக்கானது. 108க்குத் தேர்வு குறைவு என்பதால் ஐகான் வைத்திருந்தவர்கள் பிடித்ததை விட்டுக் கிடைத்ததை வாங்க வேண்டியிருந்தது.

ஐகானை விடப் பேலியோதான் ஆபத்தான வண்டி. 108க்கும் 100க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும், சக்கரம் ஏறாது. 98க்கும் 100க்கும் உள்ள வேறுபாடு தெரியாது. ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. மட்டுமே விலகி நிற்பதால், அழுத்தி முடுக்கினால் போல்ட்டு ஏறிவிடும். ஆனால் அதன் கூம்பு வடிவத் தலை ஒரு பக்கம் மட்டுமே அழுந்தி உட்காரும். சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் போல்ட்டு வளைந்து நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அதற்கும் ஆகும். 

நடுத்துளையின் விட்டமும் இதே அளவு முக்கியமானது. ஸ்விஃப்டின் அச்சுக்குடம் 54.1 மி.மீ.; வெளிச்சந்தைச் சக்கரங்கள் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மி.மீ. துளையோடு வார்க்கப்படுவதுண்டு. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். விலை மிகச் சொற்பமான இந்த வளையத்தை விட்டுவிட்டு, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறது என்று திரும்பத் திரும்ப பேலன்சிங் பார்ப்பவர்கள் உண்டு.

அடுத்தது ஆஃப்செட். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அச்சில் பொருந்தும் முகப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை இது காட்டும். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். பார்வைக்கு வண்டி கால் அகட்டி நிற்பது போலத் தோன்றும். பேரிங்கின் மேல் சுமை கூடும், மட்காப்பில் டயர் உரசவும் கூடும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட அகலமாக உள்ள விளையாட்டு மகிழுந்துகளில், முன்னும் பின்னும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட வேண்டும். பெரிய பிரேக் காலிப்பர் சக்கரத்தின் உட்புறத்தில் இடிக்கிறதா என்பதையும் பூட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

பெரிய சக்கரம் போடும்போது டயரின் மொத்த விட்டம் மாறாமல் இருக்க வேண்டும். 165/80 ஆர்14 டயரின் விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5, 195/55 ஆர்16 போட்டால் 620.9. வேகமானி ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும். ஆனால் டயரின் பக்கச்சுவர் 132இலிருந்து 120 ஆகவும், பிறகு 107 மி.மீ. ஆகவும் குறைகிறது. குறைந்த அந்த ரப்பர்தான் பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டியது. மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டி மூடப்பட்ட ராயப்பேட்டைச் சாலைகளில், ஐப்பசி மழைத் தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எஃகுச் சக்கரம் என்றால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் விரிசல் விடக்கூடும். விரிசல் விட்டதைப் பற்றவைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெப்பத்தால் உலோகத்தின் வலு குறைந்துவிடுவதால் அப்படிச் சக்கரத்தைக் காப்பாற்ற முயல்வது வீண் துணிச்சல்.

அசலும் நகலும்

விளையாட்டு மகிழுந்து உலகில் சில சக்கரங்களுக்குத் திரைநட்சத்திரங்களுக்கு இணையான புகழ் உண்டு. ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் 1970இல் தொடங்கிய பி.பி.எஸ்., ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டி.இ.37 ஆகியவை அந்த வகை. டி.இ.37 என்ற பெயரில் உள்ள எண், 15 அங்குலச் சக்கரம் ஒன்றின் எடை 3.7 கிலோ என்பதைக் குறிக்கிறது. அது வார்ப்பன்று, அடித்து உருவாக்கியது. ஆரக்கால் வடிவத்தை மட்டும் பார்த்து வார்த்த நகல்கள் உலகெங்கும் விற்கின்றன. அசலின் எடைக்கு நகலை மெலிதாக வார்த்தால் உடையும். உடையாமல் இருக்கக் கனமாக வார்த்தால் எடை கூடும். பல நகல்கள் இரண்டாவது வழியில் போகின்றன. அப்போது, வாங்கியவரின் வண்டி முன்பிருந்ததைவிட மந்தமாகிறது.

முறையான சக்கரம் மூன்று வகைச் சோதனைகளைக் கடந்து வர வேண்டும். வளைவில் திரும்பும் சுமையில் சுழற்றுவது ஒன்று, வண்டியின் எடையைத் தாங்கி நெடுந்தூரம் உருட்டுவது மற்றொன்று, விளிம்பில் எடையைப் போட்டு இடிப்பது மூன்றாவது. ஜப்பானியச் சக்கரங்களில் உள்ள ஜே.டபிள்யூ.எல். குறி, தயாரிப்பாளரே தரத்துக்கு உறுதி சொல்வது, வி.ஐ.ஏ. குறி, வெளியமைப்பு ஒன்றில் பதிவு பெற்றது. அச்சில் எழுத்தைப் பொறிப்பது எளிது என்பதால் குறி மட்டும் போதாது. ஒரு சக்கரம் எவ்வளவு சுமை தாங்கும் என்ற எண் அதன் பின்புறம் இருக்கும். வாங்குபவர் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய காரணம் அதுதான்.

மலிவு விலை இறக்குமதியால் உள்நாட்டு ஆலைகள் பாதிக்கப்படுகின்றன என்ற முறையீட்டின் பேரில், சீனா, தென்கொரியா, தாய்லாந்து நாடுகளிலிருந்து வரும் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களுக்கு இந்திய அரசு 2014இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்து, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. ஒரே வண்டியின் விலை கூடிய வகைக்குத் தயாரிப்பாளரே தரும் பெரிய சக்கர அளவுக்குள் நிற்பவர்களுக்குச் சிக்கல் வர வாய்ப்புக் குறைவு. மட்காப்பைத் தாண்டி வெளியே நீளும் சக்கரம் போக்குவரத்துக் காவலரின் கண்ணில் முதலில் படும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மாற்றிய சக்கரம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது விவாதப் பொருளாகும்.

பந்தய உலகமே கூடப் பெரிய சக்கரத்துக்கு அவசரப்படவில்லை. ஃபார்முலா ஒன் வண்டிகள் 2021 வரை 13 அங்குலச் சக்கரத்தில்தான் ஓடின. 2022இல்தான் 18 அங்குலத்துக்கு மாறின. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தடத்தில் இரவில் தெருப்பந்தயம் நடந்தபோது, ராயப்பேட்டைக்கு அருகிலேயே ஃபார்முலா 4 வண்டிகள் ஓடின. அதற்காகத் தடத்தின் சாலைகள் முன்கூட்டியே சீர்செய்யப்பட்டிருந்தன.