சயாமியர் சிதையும் பிரெஞ்சுத் தூதுவரும்

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதுவராக 1687ஆம் ஆண்டில் சயாமுக்கு வந்தவர் சிமோன் டெ லா லூபேர். அவர் அங்குத் தங்கியது சில திங்களே. ஆயினும், கண்டும் கேட்டும் அவர் எழுதி 1691இல் வெளிவந்த நூல், அயுத்தியா கால வாழ்வை அறிவதற்கு இன்றும் பெருந்துணையாகும். சயாமியரின் ஈமச் சடங்குகளையும் அதில் அவர் விரித்துரைத்துள்ளார்.

பிணப்பேழைக்குப் பொன்பூச்சு, இரவுதோறும் பிக்குகளின் ஓதல், வெண்ணிற ஆடையும் முக்காடும் அணிந்து அழுது செல்லும் உறவினர். இன்று தாய்லாந்தில் துக்கத்தின் நிறம் கறுப்பு. பழைய வெள்ளுடை வழக்கத்தை அயலார் ஒருவரின் ஏடும் காத்துத் தந்திருக்கிறது.

சந்தனமும் அகிலும் இட்ட சிதையை எத்துணை உயர்த்துகின்றனரோ அத்துணைப் பெருமை என்றார் அவர். அவ்வுயரத்தின் பொருளைத் தாய்மொழிச் சொல்லே காட்டுகிறது. தகன மண்டபத்தை அம்மக்கள் 'மேரு' என்றெழுதி 'மேன்' என ஒலிப்பர். நாமறிந்த மேருமலையே அது!

அவரை வியப்பில் ஆழ்த்தியது கூத்து. பிக்குகள் சிறிதுநேரம் ஓதி விலகியதும் 'கோன்' என்னும் முகமூடிக் கூத்துத் தொடங்கிப் பகல் முழுதும் நடக்குமாம். அதனைக் காண்பது பாவம் எனப் பிக்குகள் கருதினர். எனவே, அது சமயச் சடங்கன்று, வெறும் ஆடம்பரமே என்று அவர் முடிவு கட்டினார். அம்முடிவு பாதி உண்மையே. பூமிபோல் மன்னரின் உடல் தகனம் செய்யப்பட்ட 2017 அக்டோபர் 26ஆம் நாள் இரவிலும் பாங்காக்கில் கோன் ஆடினர். அதில் நடிக்கப்பெறுவது இராமன் கதை. முந்நூற்று முப்பது ஆண்டுகள் நிலைத்த ஒன்றை ஆடம்பரம் என ஒதுக்குதல் எளிதன்று. எனினும், விழாக்கோலத்தின் நடுவே உறவினர் அழுதனர் என்பதையும், கூலிக்கு மாரடிப்பார் அங்கு இல்லை என்பதையும் அவர் மறைக்காது எழுதினார்.

அவர் பார்வை செல்வர் வீட்டோடு நின்றுவிடவில்லை. சிதைக்கு வழியற்ற ஏழையர் தம் பெற்றோரை எரிக்காமற் புதைத்தனர். பிக்குகளுக்குக் காணிக்கை தரவும் இயலாதவர், உடலை வயல்வெளியில் பரண்மேல் கிடத்திப் பறவைகளுக்கு விட்டனர். பின்னாளில் கையில் பொருள் சேர்ந்த மகன், புதைத்த தந்தையின் உடலைத் தோண்டியெடுத்து, பிக்குகளை அழைத்து, முறைப்படி சிதையேற்றினான்.