லைர்
கிரேக்கச் சொல்லான 'லூரா'விலிருந்து வந்த பெயர் லைர். ஆமையோட்டு உடலும் இரு கைகளும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமும் கொண்ட நரம்புக் கருவி அது. ஹோமர் இப்பெயரை ஆளவில்லை. 'போர்மிங்ஸ்', 'கிதாரிஸ்' என்றே குறிக்கிறார். லூராவோடு இசைத்த பாட்டு 'லூரிகோஸ்' ஆயிற்று. கருவி வழக்கொழிந்த பின்னும் அச்சொல் 'லிரிக்' என்று தன்னுணர்ச்சிப் பாடலைக் குறித்து நின்றது. இன்று திரைப்பாடல் வரிகளுக்கும் அதுவே பெயர். கிரீட் தீவிலோ 'லீரா' என்பது வில்லால் இழைக்கும் கருவி. பழம்பெயர் வேறொன்றுக்கு இடம்மாறிவிட்டது. இத்தாலியின் பழைய நாணயமான லிராவுக்கு இதனோடு உறவில்லை. அது எடையைக் குறிக்கும் லத்தீன் 'லிப்ரா'வின் வழி. தமிழில் லைரை 'யாழ்' என்பதுண்டு. ஆனால் யாழ் வில்வடிவக் கருவி. நரம்புகள் பத்தர் எனும் ஒலிப்பெட்டியிலிருந்து கோடு எனும் வளைந்த தண்டுக்கே ஏறுகின்றன, குறுக்குச் சட்டம் கிடையாது. கவிதைக்கு யாழ் பொருந்தும்; இசைக்கருவி நூல்களில் லைர் என்றே எழுதுவது தெளிவு.